என் நாய் என்னைக் கடித்த விவரம்

ஊரில் யாரை நாய் கடித்தாலும் அவர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டாவதாக என்னிடம் வருவார். நான் டாக்டர் இல்லை. சுகாதார ஆபீசில் டைப்பிஸ்ட். எழுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, கல்யாணமாகி, சின்ன காஞ்சிபுரத்தில் கணவர் வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம் அந்த வேலை கிடைத்தது. பிறப்பு, இறப்பு, நாய்க்கடி மூன்றும் என் மேஜைக்குத்தான் வரும். பிறப்புக்கு வருகிறவர்கள் மிட்டாய் கொடுப்பார்கள். இறப்புக்கு வருகிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். நாய்க்கடிக்கு வருகிறவர்கள்தான் என் உயிரை எடுப்பார்கள்.

எல்லாம் அந்தப் படிவத்தால் வந்த வினை. அதில் மூன்றாவது கேள்வி, "கடித்த இடம்". அது தெருவைக் கேட்கிறதா, உடம்பைக் கேட்கிறதா என்று எழுதியவருக்கே வெளிச்சம். "கடிச்ச இடம் எது?" என்று நான் கேட்டால் பாதிப் பேர் "டீக்கடை வாசல்" என்பார்கள். மீதிப் பேர் வேட்டியைத் தூக்குவார்கள். ஒரு பெரியவர் கேட்ட மாத்திரத்தில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குனிய ஆரம்பித்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து பியூன் ஓடிவந்தார்.

ஐந்தாவது கேள்வி, "நாயின் உரிமையாளர்". எங்கள் ஊரில் நாய் கடிக்காத வரை தெருவே அதற்குச் சோறு போடும். கடித்துவிட்டால் தெருவில் ஒருவருக்கும் அந்த நாயைத் தெரியாது. ஏழாவது கேள்வி, "கடிக்கும் முன் நாயைச் சீண்டினீரா?" இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே. அதனால் கேட்பதற்கு முன்பே "இல்லை" என்று அடித்து வைத்துவிடுவேன்.

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். "நாய் கடிக்கசொல்ல அது எந்த நாய்னு பாக்காம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கடிபட்டவர்களையே கடித்திருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பட்டியலில் நாய்க்கடியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரதர் கோயில் வைகாசித் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாள் அது. என் கணவர் பட்டு நெய்கிறவர். வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு தறி நிற்கும். தறிக்குக் கீழே, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கு ஒரு குழி உண்டு. வைகாசி வெயிலில் எங்கள் ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அந்தத் தறிக்குழிதான். இது எங்கள் தெரு நாய்க்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கணவர் காபி குடிக்க எழுந்து போன நேரத்தில், அறுந்த இழை ஒன்றை முடிந்து வைக்கலாம் என்று நான் அவர் இடத்தில் உட்கார்ந்து வலது காலைக் குழிக்குள் விட்டேன். மெத்தென்று என்னவோ தட்டுப்பட்டது. கால் வைக்க அவர் போட்டிருக்கும் பழைய போர்வை என்று நினைத்தேன். சுகமாக இருக்கிறதே என்று இடது காலையும் இறக்கி நன்றாக அழுத்தினேன்.

போர்வை என் குதிகாலுக்கு மேலே கடித்தது.

நான் அலறிக்கொண்டு மேலே வர, அது சத்தமே இல்லாமல் மறுபக்கமாக ஏறி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. செம்பழுப்பு நாய், இடது காது மட்டும் மடிந்து தொங்கும். அது குரைத்து நான் கேட்டதே இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லி வைத்த முன்னோர்கள், குரைக்காத நாயைப் பற்றி எதுவுமே சொல்லாமல் போய்விட்டார்கள்.

சமையலறையிலிருந்து வந்த மாமியார் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் இருந்த நாயைப் பார்த்தார்.

"அடிப்பாவி, வாயில்லா ஜீவனப் போய் மிதிச்சியா?"

"வாயில்லாமலா இப்டி கடிச்சு வெச்சிருக்குது?" என்று காலைக் காட்டினேன்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவர் மிளகாய்த்தூள் எடுக்க ஓடினார். நான் சோப்பு எடுக்க நொண்டினேன். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது தினமும் நான் டைப் அடிக்கும் வாசகம். கணவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அவர் எப்போதும் பேச்சுக் குறைவு. நெய்யும் நேரத்தில் வாயில் இழை இருக்கும், மற்ற நேரத்தில் வெற்றிலை இருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைக் கழுவி மருந்து வைத்துச் சுட்டார். சின்னக் கடி, காலில்தான், அதுவும் மிதித்ததால் கடித்தது, தெரிந்த நாய். அதனால் உடனே ஊசி வேண்டாம், பத்து நாள் நாயைக் கட்டி வைத்துப் பார்க்கலாம் என்றார். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. செத்தாலோ, வெறி பிடித்தாலோ, காணாமல் போனாலோ தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி.

ஊசி என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்தவரின் கையை நான் கடித்திருக்கிறேன். நல்லவேளை, அதற்கு யாரும் படிவம் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆபீசுக்குப் போனேன். கடிபட்டவர் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தேன். யாரிடம்? என்னிடமேதான். டைப் அடிக்க வேறு ஆள் கிடையாது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் என் பின்னால் நின்று கேள்விகளைப் படித்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் விதிப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் என்று ஆபீசில் பேசிக்கொள்வோம்.

"கடித்த இடம்?"

"எந்த இடத்த சார் கேக்குறீங்க?"

அவரும் யோசித்தார். "ரெண்டையும் போட்டுடும்மா."

தறிக்குழி, குதிகால் என்று அடித்தேன்.

"கடிக்கும் முன் நாயைச் சீண்டினீரா?"

பழக்கதோஷத்தில் "இல்லை" என்று ஏற்கெனவே அடித்திருந்தேன். அதை ரப்பரால் தேய்த்து, காகிதத்தில் ஓட்டை விழுந்து, புதுத் தாள் போட்டு, "ஆம், இரண்டு காலாலும்" என்று அடித்தேன். என் சர்வீசில் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தது அதுதான் முதல் தடவை.

உரிமையாளர் விஷயத்தில்தான் வண்டி மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் சொன்னார், "இதோ பாரும்மா, திருவிழாக் கூட்டத்துக்காக நாய் பிடிக்கிற வண்டி வீதிவீதியா சுத்துது. கழுத்துல பித்தளை வில்லை இல்லாத நாய் எதுவா இருந்தாலும் ஏத்திடுவாங்க. வில்லை வேணும்னா உரிமையாளர் வேணும். நாயை வண்டியில ஏத்திட்டாங்கன்னா அது காணாமப் போன மாதிரிதான். அப்புறம் உனக்கு ஊசிதான்."

அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா மூன்று வருடமாக அந்த நாய்க்குத் தினமும் இட்லி போடுகிறவர். அது அவர் நாய்தான் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

"என் நாயா?" என்று மார்பில் கை வைத்தார். "அய்யோ, நான் ஊசிப்போனத வெளிய எறியறேன், அது தின்னுது. அவ்ளோதான்மா எங்களுக்குள்ள."

மாமியாரோ, "நான் அது மேல தண்ணிய ஊத்தி வெரட்டறதோட சரி" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை வரை வீடுவீடாக நொண்டிப் பார்த்தேன். தெரு முழுவதும் அந்த நாயைக் கைகழுவிவிட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல், என்னைக் கடித்த நாய்க்கு நானே உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டு வில்லையை வாங்கினேன்.

அதோடு முடியவில்லை. உரிமையாளர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் விதியைக் காட்டினார். நான் மெஷினில் தாளைச் சொருகினேன். "தங்களுடைய நாய் கீழ்க்கண்ட நபரைக் கடித்துள்ளது. இது குறித்துத் தங்கள் விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் அளிக்க வேண்டும்." பெறுநர் நான். கீழ்க்கண்ட நபரும் நான். நகல், கடிபட்டவரின் தகவலுக்காக, மறுபடியும் நான். தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் சின்னதாக என் முதலெழுத்து.

மூன்று நாள் எதற்கு என்று அங்கேயே விளக்கமும் அடித்துக் கொடுத்தேன். "என் நாய் என்னைக் கடித்ததற்கு மிகவும் வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாதபடி நானும் என் காலும் கவனமாக இருப்போம்." இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "கடிபட்டவங்க இந்த விளக்கத்தை ஏத்துக்கறாங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன்.

காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிப் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் நாயைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். கூடத்துத் தூணில் கயிற்றால் கட்டி, கயிற்றிலேயே வில்லையைக் கோத்துத் தொங்கவிட்டோம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்று கணவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் அதை நிஜமாகவே குளிப்பாட்ட ஆரம்பித்திருந்தார்.

காலையில் அது கண் திறந்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டில் முதல் வேலை. நாய் தும்மினால் நான் எழுந்து நிற்பேன். நாய் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அது ஒற்றைக் கண்ணைத் திறந்து, இரண்டாவது கடிக்கு நானே இடம் கொடுக்கிறேனே என்பதுபோல விரலைப் பார்க்கும். எதிர்வீட்டம்மா இப்போது ஊசிப்போன இட்லியை விட்டுவிட்டு, மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி அனுப்பினார். தெருவே நலம் விசாரித்தது. என்னையல்ல, நாயை.

நான்காம் நாள் பெரிய கலவரம். வெறிநாய் தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாமியார் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நாயிடம் போனார். சொம்பைப் பார்த்ததும் அது வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு தூணுக்குப் பின்னால் பதுங்கியது.

"அய்யோ, தண்ணியப் பாத்து பயப்படுதுடி!"

பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு சொம்போடு வந்து சோதித்தார்கள். ஒவ்வொரு சொம்புக்கும் அது நடுங்கியது. எதிர்வீட்டம்மா சாமி அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வலியால் அல்ல, பதினான்கு ஊசிக்கும் இடம் போதுமா என்ற கணக்கில்.

ஆள் அனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தோம். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனை நாளா இந்த நாயை எப்படிம்மா வெரட்டுவீங்க?"

"சொம்புத் தண்ணிய எடுத்து மூஞ்சியிலியே ஊத்துவேன். மூணு வருசமா அப்டித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. தறியின் பாவு நூலுக்கு விறைப்பேற்றக் கணவர் ஆற வைத்திருந்த கஞ்சி ஒரு தட்டில் இருந்தது. அதை இன்ஸ்பெக்டர் நாயின் முன் தள்ளினார். அது தட்டையே நக்கி வெளுத்தது. "கஞ்சியிலயும் தண்ணிதான் இருக்குது, நல்லாத்தான் இருக்குது நாய்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டு, "பத்தாவது நாள் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். இந்தத் தவறைச் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே முடியும். வைகாசித் திருவிழா நடக்கும்போது சின்ன காஞ்சிபுரத்தில் யாரும் தேதி பார்க்க மாட்டார்கள். பெருமாள் எதன் மேல் வருகிறாரோ அதுதான் தேதி. கடன் வாங்கினவர் "தேருக்கு மறுநாள் தரேன்" என்பார், பெண் பார்க்க வருகிறவர் "குதிரை வாகனத்தன்னிக்கு வரோம்" என்பார். நாயையும் அப்படித்தான் எண்ணினோம். கொடியேற்றத்தன்று கடித்தது. கருட சேவை வந்ததும் தெருவே "மூணு ஆச்சு" என்றது. தேர் நிலைக்கு வந்ததும் "ஏழு ஆச்சு, இன்னும் மூணுதான்" என்று என்னைத் தேற்றியது. தீர்த்தவாரி ஒன்பது. வெட்டிவேர் சப்பரத்தோடு பத்தும் முடிந்தது. பெருமாளுக்கும் விழா முடிந்தது, நாய்க்கும் காவல் முடிந்தது என்று சப்பரம் போன கையோடு கயிற்றை அவிழ்த்துவிட்டோம். மாமியார் நாய்க்கு நெற்றியில் குங்குமம் வைத்து வழியனுப்பினார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருக்கோடியில் மறைந்தது. கயிறும் அதில் கோத்த வில்லையும் எங்களிடமே தங்கிவிட்டன.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் படிவத்தோடு வந்தார்.

"நாய் எங்கம்மா?"

"நேத்தே பத்து முடிஞ்சிடுச்சே சார், அவுத்து வுட்டுட்டோம்."

அவர் முகம் மாறியது. "கடிச்ச நாளை எப்படிம்மா சேர்ப்பீங்க? அதுக்கு மறுநாள்தான் ஒண்ணு. நேத்தோட ஒம்பது. இன்னைக்குத்தான் பத்து."

கொடியேறிய அன்று பெருமாளுக்கு முதல் நாள். விதிப்புத்தகத்துக்கு அது பூஜ்யம். இதே விதியை நூறு தடவை டைப் அடித்த விரல்கள் என்னுடையவை. விரலுக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை.

"இன்னைக்கு நாயை உயிரோட பாத்தாத்தான் கையெழுத்துப் போட முடியும். சாயந்திரம் நாலு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள காட்டலைன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. அந்த வரதரே வந்து சொன்னாலும் நான் மாத்தி எழுத மாட்டேன்." சொல்லிவிட்டு, தெருமுனை வரை தானே ஒரு நடை போய்த் தேடிவிட்டு வந்தார். நாய் பிடிக்கும் வண்டி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும், நாயின் கழுத்தில் வில்லை இல்லாததுதான் தனக்குக் கவலை என்றும் சொன்னார்.

கணவர் தறியை விட்டு எழுந்து சட்டையை மாட்டினார். எதிர்வீட்டம்மா யோசித்து யோசித்து ஒரு விஷயம் சொன்னார். விழாவுக்குத் திருப்புட்குழியிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்த ஒரு குடும்பம் பத்து நாளும் தெருக்கோடி மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டது. அவர்கள் நாய்க்குக் கருவாட்டுத் தலை போட்டார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் செம்பழுப்பாக எதுவோ ஓடியதை அவர் பார்த்தாராம். கணவர் சைக்கிளை எடுத்தார். ஒரு கோணிப்பையைச் சுருட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

மணி இரண்டரை ஆயிற்று. அவர் வரவில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து வாசலில் நின்றார். அப்போது தெருவில் ஒரு சந்தோஷக் கூச்சல். மாமியாரும் எதிர்வீட்டம்மாவும் ஒரு நாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். செம்பழுப்பு. கழுத்தில் வில்லை. நெற்றியில் குங்குமம். மாமியார் அதன் தலையை அன்பாகத் தடவிக்கொண்டே இருந்தார், கையை எடுக்கவே இல்லை.

"கெடச்சிடுச்சு சார்! கோயில் மதிலாண்ட படுத்துக்கினு இருந்தது."

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "உரிமையாளர் பாத்து சொல்லட்டும். இதுதானேம்மா?"

நான் நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்தது. பார்த்ததும் வாலை ஆட்டியது.

பத்து நாள் இட்லியும் கஞ்சியும் கொடுத்திருக்கிறேன், மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாள், ஒரு நொடி, அந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டியதில்லை. மாமியாரின் கையைப் பார்த்தேன். தடவுகிற கை நாயின் இடது காதை மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

தெருவே கூடி நின்றது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வரதர் சன்னிதித் தெருவில் செருப்புக்கூடப் போடாமல் நடக்கும் மாமியார், ஒரு அரசாங்க அதிகாரி முன்னால் பச்சைப் பொய் சொல்லிவிட்டு, ஒப்புக்கொள் என்று என்னைக் கண்ணாலேயே கெஞ்சினார். "ஆமாம் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினான்கு ஊசியும் போச்சு. ஊசிக்கு நான் பயந்தது நிஜம்தான். ஆனால் அந்த வால் ஆடிய நிமிஷத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்தது. நிஜ நாய் எங்கேயாவது செத்துக் கிடந்தால்? கையெழுத்து இன்ஸ்பெக்டரை ஏமாற்றும், என் ரத்தத்தை ஏமாற்றுமா? பத்து நாளாக ஊசி ஊசி என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, எதற்காக ஊசி என்பதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இறப்புப் பதிவேடும் என் மேஜையில்தான் இருக்கிறது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

"இது இல்ல சார்" என்றேன்.

மாமியாரின் கை விலகியது. காது டப்பென்று எழுந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அந்தக் காதையும் பார்த்தார், மாமியாரையும் பார்த்தார். எதுவும் எழுதாமல் பேனாவை மூடிக்கொண்டார்.

"பதினாலு ஊசிடி" என்று மாமியார் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். "எப்டிடி தாங்குவ? நான் பாத்துக்கினு இருக்கணுமா?" நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதேன். யாருடையது என்று தெரியாத அந்த நாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி நக்கியது.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தோம். உள்ளே ஊசியைக் கொதிக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாமியார் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். நாலே காலுக்கு டாக்டர் எழுந்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாத்துடலாம் டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். விதிப்படி நாலு மணி என்று சொன்னவர் அவர்தான். நாலரைக்கும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு ஒருமுறையும் சொன்னார்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

கேரியரில் கோணிப்பை. பைக்கு வெளியே ஒரு தலை. இடது காது மடிந்து தொங்கியது. என்னைக் கண்டதும் அது அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதைவிட நிச்சயமான அடையாளம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. "இதுதான் சார், இதுதான்!" என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார். சைக்கிளில் வெயிலெல்லாம் வந்த தாகம், அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. "உயிருடன், நலமுடன் உள்ளது" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டார். உள்ளே அடுப்பை அணைத்தார்கள். மாமியார் நாயைக் கும்பிட்டுவிட்டு, உடனே அதை வாயாரத் திட்டவும் செய்தார். நான் விக்கி விக்கி அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன்.

அழுகை ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன். கணவர் இன்னும் சைக்கிளை விட்டு நகரவில்லை. வலது கையால் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். இடது கையில் துண்டைச் சுற்றி முதுகுப் பக்கமாக வைத்திருந்தார். துண்டு நனைந்து சிவந்திருந்தது.

"இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்ல."

துண்டை இழுத்து அவிழ்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே நாலு பல், ஆழமாக. தினமும் தறியில் நாடா தள்ளி நெய்கிற கை.

"எப்போ கடிச்சுது?"

"கோணிய போத்தி புடிக்கசொல்ல. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ரெண்டு மணிக்கு கடிச்சத இப்ப வரைக்கும் சொல்லாம இருந்தீங்களா? அங்கியே எறங்கி கழுவ வேணாமா? வந்ததும் டாக்டராண்ட காட்ட வேணாமா? எதுக்கு ஒளிச்சு வெச்சுக்கினு நிக்கறீங்க?"

அவர் நாயைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் கையிலிருந்த படிவத்தில் மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல உன்னோட பத்து முடியட்டும்மா, அப்பறமா என்னோட ஒண்ண ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."